சின்ன டீசல் கார் வாங்கலாமா? மாதம் எவ்வளவு ஓடுவீர்கள் என்பதைப் பொறுத்தது

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறீர்கள், நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. பிள்ளைகளை நகரத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வேலைக்குப் போய்த் திரும்ப நாளுக்கு 12 கிலோமீற்றர். மாதத்தில் இரண்டு தடவை மட்டக்களப்புக்கு, மனைவியின் வீட்டுக்கு. லீற்றருக்கு இருபதுக்கு மேல் ஓடுகிற சின்ன டீசல் கார் வேண்டும். 2013 இந்திய ஸ்விஃப்ட் டீசல் ஒன்றும், தொண்ணூறுகளின் கொரோலா டீசல் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறீர்கள், இதில் எது என்று கேட்கிறீர்கள். எது என்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இதற்குள்ளேயே இருக்கிறது: எண்ணெய்ச் செலவு கையைக் கடிக்காமல் இருக்க டீசல்தான் வழியா? அதை முடிவு செய்யாமல் எந்தக் காரையும் சொல்வது சரியில்லை.

நான் மொரட்டுவை ஜேர்மன் டெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் டீசல் படித்துவிட்டு, அதன் பிறகு டீசல் பம்பும் இன்ஜெக்டரும் திருத்துகிற பம்ப் றூம் வேலையிலேயே காலம் போக்குகிறவன். வான், லொறி, உழவு இயந்திரம், மீன்பிடிப் படகு எஞ்சின் என்று கிழக்கில் டீசல் குடிக்கிற எல்லாவற்றின் இன்ஜெக்டரும், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சுகிற கருவியும், என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஆகவே டீசல் எஞ்சின் பற்றிச் சொல்வதைத் துணிந்து சொல்வேன். ஹைபிரிட் பற்றரி என் துறை இல்லை. அதை அந்த வேலை செய்கிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் அப்பாமார் காலத்தில் 'டீசல் வாகனம் என்றால் லாபம்' என்று சொன்னதற்கு அடிப்படை இருந்தது. 2021 தொடக்கத்தில்கூட ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 137 ரூபா, ஓட்டோ டீசல் என்கிற சாதாரண டீசல் 104 ரூபா. எஞ்சினும் குறைவாகக் குடிக்கும், குடிப்பதும் மலிவு. இரண்டு பக்கமும் லாபம். 2022 ஜூன் கடைசியில் விலை 470 ரூபாவுக்கும் 460 ரூபாவுக்கும் போனபோது அந்த இரண்டாவது லாபம் போய்விட்டது. அதற்குப் பிறகு விலை இறங்கினாலும் பழைய இடைவெளி திரும்பி வரவில்லை. மாதாமாதம் விலை மாறுகிறது, ஆனால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன. ஓட்டோ டீசலை விட்டுக் கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் அடிக்க வேண்டிய காராக இருந்தால் 92 பெற்றோலை விடக் கூடவே கொடுக்க நேரிடும். இதைப் பலர் இன்னும் கணக்கில் எடுப்பதில்லை. மனதில் 104 ரூபாவை வைத்துக்கொண்டு கார் தேடுகிறார்கள்.

உங்கள் ஓட்டத்தையே வைத்துப் பார்ப்போம். வேலை நாள் 25 என்றால் ஊருக்குள் 300 கிலோமீற்றர். மட்டக்களப்பு ஏ15 வீதியால் சுமார் 130. போய்வர 260, இரண்டு தடவை 520. கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு எல்லாம் சேர்த்து மாதம் 900 என்று வைப்போம். ஒரு சின்னப் பெற்றோல் கார் ஏசியோடு கலந்த ஓட்டத்தில் லீற்றருக்கு 14 தரும், அதே அளவு டீசல் கார் 18 தரும் என்று எடுங்கள். பெற்றோல் 64 லீற்றர், டீசல் 50 லீற்றர். இரண்டும் 300 ரூபா என்று கணக்குக்காகப் போட்டால் மாதம் மிச்சம் 4,300 ரூபா மட்டில், வருடத்துக்கு 51,000 ரூபா. டீசல் காருக்காக ஐந்து லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அந்தக் காசை எடுக்கப் பத்து வருடம். இடையில் ஒரு முறை இன்ஜெக்டர் வேலையோ ஹை பிரஷர் பம்ப் வேலையோ வந்தால் இரண்டு மூன்று வருடத்து மிச்சம் ஒரே நாளில் கராஜில் போய்விடும். இதே கணக்கை மாதம் 2,500 கிலோமீற்றர் ஓடுகிறவருக்குப் போட்டால் மிச்சம் மாதம் 12,000 ரூபாவுக்குக் கிட்ட வரும். மூன்றரை வருடத்தில் ஐந்து லட்சம் திரும்பிவிடும். தினமும் நகரத்திலிருந்து மூதூருக்கோ கந்தளாய்க்கோ வேலைக்குப் போய்வருகிற ஒருவர் என்னிடம் கேட்டால் யோசிக்காமல் டீசல் என்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. இன்றைய விலையை நீங்களே போட்டுப் பாருங்கள், பதில் பெரிதாக மாறாது.

அதோடு 12 கிலோமீற்றர் என்பது ஒரே ஓட்டம் இல்லை. காலையில் ஆறு, பின்னேரம் ஆறு. டீசல் எஞ்சின் சிக்கனமானது என்பதற்குக் காரணமே அது வெப்பத்தை வீணாக்குவது குறைவு என்பதுதான். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, கடுமையாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எண்ணெயை எரிக்கிறது. பெற்றோல் எஞ்சினைப் போல் காற்று வரும் வழியை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. போதாததற்கு ஒரு லீற்றர் டீசலில் ஒரு லீற்றர் பெற்றோலை விடப் பத்து வீதத்துக்கு மேல் சக்தி கூட இருக்கிறது. ஆனால் வீண்போகும் வெப்பம் குறைவு என்றால் எஞ்சின் சூடேறவும் நேரம் எடுக்கும். உப்புவெளியிலிருந்து நகரத்துக்குள் வருவதற்குள் அது சரியான சூட்டுக்கு வந்தும் வராமலும் இருக்கும்போது நீங்கள் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவீர்கள். எரியாத கரி உள்ளே படியும், எஞ்சின் ஒயிலில் டீசல் கலக்கும். இதையே ஒவ்வொரு வேலை நாளும் செய்தால் லீற்றருக்கு இருபது என்ற கனவு பன்னிரண்டு பதின்மூன்றில் வந்து நிற்கும். இந்திய ஸ்விஃப்ட் டீசலுக்கு அங்கே சான்றிதழ் அளவு 22.9 என்று அறிவித்தார்கள். வெருகல் தாண்டி வாகரைப் பக்கம் ஒரே சீராக 60, 70-இல் போனால் இருபதை எட்டிப் பிடிக்கலாம், அது உண்மை. சிவன்கோயிலடிச் சந்தியில் பள்ளிக்கூடம் விடும் நேரம் அந்த எண்ணைத் தேடாதீர்கள்.

இனி நீங்கள் பார்த்த கார்கள். ஸ்விஃப்ட்டில் இருப்பது 1248 சிசி எஞ்சின், ஃபியட் வடிவமைத்தது. இந்தியாவில் மாருதியும் டாடாவும் பல மொடல்களில் இதையே போட்டார்கள்; டாடா விஸ்டாவிலும் இதைப் பார்க்கலாம். எஞ்சின் நல்லது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டைமிங் பெல்ட் இல்லை, செயின். 2020 ஏப்ரலில் இந்தியாவில் புகைச் சட்டம் இறுகியதோடு மாருதி டீசல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் அங்கே ஓடுகிற எண்ணிக்கை பெரிது என்பதால் உதிரிப்பாகம் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு வரும். பிரச்சினை எஞ்சினில் இல்லை, அதற்குள் போகும் எண்ணெயில். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் கொடுக்கிற கொமன் ரெயில் முறையில் எண்ணெய் 1,600 பார் வரை அழுத்தத்தில் நிற்கிறது. உங்கள் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். இந்த அழுத்தத்தில் இன்ஜெக்டருக்குள் இருக்கும் உலோகத் துண்டுகளை வழுவழுப்பாக வைத்திருப்பது டீசலேதான், வேறு ஒயில் அங்கே இல்லை. அதில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் பம்ப் தன்னைத்தானே தின்னத் தொடங்கும். அந்த இரும்புத் தூள் நாலு இன்ஜெக்டருக்கும் போகும்.

மண்ணெண்ணெயைச் சும்மா இழுக்கவில்லை. 2022 ஓகஸ்ட் வரைக்கும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. டீசல் அதற்கு ஐந்து மடங்கு விலை, அதுவும் வரிசையில் நின்றால்தான். கடற்றொழில் ஊரில் மண்ணெண்ணெய் புழங்குகிற பொருள். அந்த மாதங்களில் எந்த வாகனம் எதைக் குடித்தது என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. கானிலும் பீப்பாவிலும் சேர்த்து வைத்த டீசலில் தண்ணீர் இறங்கியதும் தனிக்கதை. அந்தச் சமயம் வந்த ஒரு வானின் ஃபில்டரைத் திறந்து கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் மேலே டீசல், கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கறள் நிறத்தில் ஒரு கோடு. உரிமையாளர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. ஆகவே 2022-இல் இந்த நாட்டில் ஓடிய எந்தக் கொமன் ரெயில் டீசலை வாங்கினாலும், அந்த வருடம் யாரிடம் இருந்தது, ஹயர் ஓடியதா, பம்ப் திறக்கப்பட்டதா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் விலையில் ஒரு இன்ஜெக்டர் செட் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

கொரோலாவின் 2சி எஞ்சின் வேறு சாதி. 1974 சிசி, கணினி இல்லை, இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் 150 பார் சுற்றுவட்டம். அழுக்கு டீசலையும் பொறுத்துக்கொள்ளும். ஓட்டமாவடியிலோ வாழைச்சேனையிலோ வழியில் நின்றாலும் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் கிடைப்பார். கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் உதிரிப்பாகம் இருக்கிறது. இதன் நோய் இரண்டு. ஒன்று டைமிங் பெல்ட். லட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். புகைப் பரிசோதனையில் டீசல் வாகனத்தின் அக்ஸிலேற்றரை முழுதாக அமத்தி அமத்தித்தான் அளப்பார்கள், பழைய பெல்ட்டோடு அங்கே போகக் கூடாது. இரண்டாவது, சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பது. ரேடியேற்றர் அடைத்த காரை ஏசியோடு, வெயிலில், ஐந்து பேரோடு மட்டக்களப்புக்கு ஓட்டினால் அது நடக்கும். எஞ்சினை விட என்னைத் தயங்க வைப்பது வேறு. அந்தக் காலக் காரில் எயார்பேக் இருந்தாலும் இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை நம்ப முடியாது, பல கார்களில் ஏபிஎஸ் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் அந்த வீதியில், யானையும் மாடும் குறுக்கே வருகிற இடத்தில், பழைய பிரேக்கோடு போவதைச் சிக்கனம் என்ற கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. தனியாக ஓடுகிறவருக்கு வேறு பதில்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது, புரோக்கர் நிச்சயம் காட்டுவார். 2014-க்குப் பிறகு வந்த மஸ்டா டெமியோ 1.5 டீசல் போன்றவையும், ஐரோப்பியச் சின்னக் கார்களும். அழகு, இழுவை, சிக்கனம் எல்லாம் உண்டு. அதோடு சைலன்சர் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியும் உண்டு. சேருகிற கரியை அது அவ்வப்போது தானே எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குச் சுமார் 600 பாகை சூடும், நிற்காமல் கால் மணி, இருபது நிமிட ஓட்டமும் தேவை. ஆறு கிலோமீற்றர் ஓடி நிறுத்துகிற காரில் அது தொடங்கும், முடியாது. முடியாமல் விட்ட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் ஒயிலுக்குள் இறங்கும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், மூக்கில் வைத்தால் டீசல் மணக்கும். இப்படிக் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: வாரத்தில் ஒருநாள் கந்தளாய் வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போய் வாருங்கள், சூப்பர் டீசல் மட்டும் அடியுங்கள், புத்தகத்தில் சொன்ன ரக ஒயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்க வாங்கிய காரை, வடிகட்டிக்காக வாரம் எண்பது கிலோமீற்றர் ஓட்டுவது என்ன மிச்சமோ தெரியவில்லை. உங்கள் ஓட்டத்துக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம்.

எதைப் பார்க்கப் போனாலும், போகிற நாள் காலையில் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல்நாளே சொல்லி வையுங்கள். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் இந்த ஊர்ச் சூட்டில் ஒரு சுற்றிலேயே பிடிக்க வேண்டும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. மறையாத வெள்ளை என்றால் அழுத்தக் குறைவோ, இன்ஜெக்டர் ஒழுக்கோ, உள்ளே தண்ணீரோ. கறுப்பு என்றால் எண்ணெய் கூடுகிறது அல்லது காற்றுக் குறைகிறது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது, அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, கவிழ்க்காமல் அதே இடத்தில் மேலே வையுங்கள். லேசாக அதிர்ந்தால் சரி. துள்ளி விழுந்து, துவாரத்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்ஸ் தேய்ந்துவிட்டது. ஸ்விஃப்ட்டுக்கு இதோடு ஸ்கேனர் போட்டு ரெயில் அழுத்தமும், இன்ஜெக்டர்களின் திருத்த அளவும், முடிந்தால் ரிட்டர்ன் அளவும் பார்க்க வேண்டும். நாலு போத்தலைத் தொங்கவிட்டு நாலு இன்ஜெக்டரும் எவ்வளவு திருப்பி அனுப்புகின்றன என்று பார்ப்பது சின்ன வேலைதான். அதற்கு மறுக்கிற உரிமையாளரின் காரை நான் வாங்கமாட்டேன். படத்தைப் பார்த்தோ ஓடிய கிலோமீற்றரைப் பார்த்தோ இன்ஜெக்டரின் ஆயுளைச் சொல்ல எந்தப் பம்ப் றூம்காரனாலும் முடியாது, என்னாலும் முடியாது. மீற்றரைத் திருப்புவது கஷ்டமான வேலை இல்லை. பிரேக் பெடல் றப்பரையும் ஸ்டியரிங்கையும் பாருங்கள், அவை உண்மை பேசும்.

அப்புறம் கறள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடற்கரையோரம் வெளியில் நின்ற கார் மேலே பளபளக்கும், அடியில் வேறு விதம். ஜக்கில் தூக்கி, பின் சில்லு வளைவு, கதவுக்குக் கீழ்ப்பட்டி, பிரேக் குழாய், எண்ணெய்த் தாங்கி வாய் நான்கையும் ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்பு அண்டர்சீல் பூசியிருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். கொரோலா 2004-க்கு முன்பே இந்தக் கரையில் இருந்ததா என்றும் விசாரியுங்கள்; சுனாமித் தண்ணீரில் நின்று மீண்ட வாகனங்கள் பிறகு கைமாறின. 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்திலும் நாட்டின் பல பக்கம் கார்கள் மூழ்கின. இருக்கைக்குக் கீழே கார்ப்பெட்டைத் தூக்கி, சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும்.

பத்திர வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், சேசி இலக்கத்தைக் காரில் இருப்பதோடு ஒப்பிடுங்கள், பெயர் மாற்றாமல் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாற்றுகிற ஓப்பன் பேப்பரில் வாங்காதீர்கள்.

என் முடிவைக் கேட்டால், உங்கள் 900 கிலோமீற்றருக்கு 1000 முதல் 1300 சிசிக்குள், நல்ல நிலையில் உள்ள பெற்றோல் கார் ஒன்றை எடுப்பேன். டொயோட்டா விட்ஸ் போன்ற ஒன்று போதும். மட்டக்களப்பு ஓட்டத்துக்கு ஐந்து பேருக்கும் சாமானுக்கும் அது தாங்கும். 660 சிசி வாகன்-ஆர் ஹைபிரிட் இன்னும் குறைவாகக் குடிக்கும்தான், ஆனால் அதில் இருக்கை நான்கு, நீங்கள் ஐந்து பேர். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார் விலை பேய்விலை. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்தும் வரியால் புதிது எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதனால் ஒரு வகையைப் பிடித்து அடம்பிடிக்காமல், கிடைக்கிறதில் நல்ல நிலையில் உள்ளதைப் பிடிப்பதுதான் நடைமுறை. அப்படிப் பார்க்கும்போது அந்த ஸ்விஃப்ட் ஒரே கையில் இருந்து, சேவிஸ் பதிவுகளோடு, ரிட்டர்ன் சோதனையிலும் தேறி, பெற்றோல் கார் விலைக்கே கிடைத்தால் மறுக்க வேண்டாம். ஐந்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை டீசல் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வெளியே விடுங்கள், எண்ணெய் பவுசர் வந்து இறக்கிக்கொண்டிருக்கும் நேரம் பெற்றோல் செட்டில் டீசல் அடிக்காதீர்கள், மட்டக்களப்பு ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

மனைவிக்கு மூதூர்ப் பக்கம் இடமாற்றம் வரலாம் என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அது உறுதியானால் மேலே போட்ட கணக்கு முழுதும் மாறும், அப்போது டீசலையே தேடலாம். கடிதம் கைக்கு வரும் வரைக்கும் முற்பணம் கொடுக்காமல் இருங்கள்.